பிடரியின் கடைசி மயிரில் அளக்க வேண்டும்

எங்கள் முத்து ஒரு மினியேச்சர் குதிரை, அதாவது குட்டையான இனம். அவளை விற்றவர் உயரம் 33¾ அங்குலம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். டெக்சாஸில் வீட்டுக்கு வந்து நானே அளந்தால் 34½! அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் உச்சவரம்பு 34 அங்குலம். இரண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை, நான்தான் இடம் மாறி அளந்திருந்தேன். பெரிய குதிரைக்குக் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் துருத்தும் எலும்பு மேட்டின் உச்சிவரை அளப்பார்கள். 4 அங்குலத்தை ஒரு 'கை' என்று கணக்கு வைப்பார்கள். மினியேச்சருக்கு அங்குலம்தான் கணக்கு. அளக்கும் இடம் பிடரிமயிர் முடியும் இடம். அது பெரும்பாலும் மேட்டைத் தாண்டிச் சற்றுச் சரிவில் இருக்கும். முத்துவுக்கு முக்கால் அங்குலம் வித்தியாசம் வந்தது அதனால்தான்.

அந்தக் கடைசி மயிரைக் கண்ணால் தேடாதீர்கள், விரலால் தேடுங்கள். பிடரிமயிர் நீளமாகத் தொங்கும். நமக்கு வேண்டியது நுனி அல்ல, வேர். குளிர்காலத்தில் உடம்பு ரோமமும் அடர்ந்து குழப்பும். மயிரை வகிர்ந்து, தடித்த பிடரிமயிர் எங்கே நிற்கிறது என்று தடவிப் பார்த்துச் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

தரை கெட்டியாக, மட்டமாக இருக்க வேண்டும். புல்லில் குளம்பும் அமுங்கும், கோலும் அமுங்கும். எங்கள் கார் ஷெட் சிமெண்ட் தரைக்கே தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருக்கிறார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்தேன். துணி டேப் வேண்டாம். அது தோளின் வளைவோடு போய் அளவைக் கூட்டிவிடும். குறுக்குச் சட்டமும் ரசமட்டமும் உள்ள அளவுகோல்தான் சரி.

முன்னங்கால்கள் இரண்டும் நேர் செங்குத்தாக, நான்கு காலிலும் பாரம் சமமாக நிற்கட்டும். காலை அகட்டி நிறுத்தினால் உயரம் குறையும். அப்படிக் குறைத்துக் காட்டுகிறவர்களும் உண்டு. அதைவிடக் கொடுமை, வரம்புக்குள் அடக்குவதற்காகக் குளம்பை ஒட்டச் செதுக்குவது. வலியில் அந்த உயிரால் நடக்கவே முடியாமல் போகும். தயவுசெய்து செய்யாதீர்கள். 34-ஐத் தாண்டினால்தான் என்ன? அமெரிக்க மினியேச்சர் குதிரைப் பதிவகம் என்ற இன்னொரு அமைப்பில் 38 அங்குலம்வரை 'பி' பிரிவு இருக்கிறது.

கோலைக் கண்டதும் முதல்முறை முத்து முதுகைக் குழித்துப் பதுங்கினாள். ஒரு வாரம் தினமும் அதை முகரவிட்டு, அதனாலேயே முதுகைத் தடவிக் கொடுத்தேன். இப்போது மகள் தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொள்கிறாள். தலை இயல்பான நிலையில் இருக்கும். நான் இடப்பக்கம் நின்று கோலைச் செங்குத்தாக நிறுத்தி, சட்டம் தோலைத் தொடும்வரை மெல்ல இறக்குகிறேன். அழுத்துவதில்லை. பிறகு அவளை ஒரு சுற்று நடத்திவிட்டு மறுபடி அளக்கிறேன்.

போன முறை வந்தவை 33¾, 33¾, 33⅞. கொட்டில் கதவில் தேதியோடு 33⅞ என்றுதான் எழுதியிருக்கிறேன்.