கிம்ச்சி ஜிகே: புளித்த கிம்ச்சியில் ஒரு கொரிய வீட்டுக் குழம்பு

கொரியாவில் சின்னச் சின்ன உணவகங்களில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போனால், கொதி அடங்காமலே மேசைக்கு வரும் குழம்பு கிம்ச்சி ஜிகே. வீட்டில் இதைச் செய்ய விருந்தோ விசேஷமோ வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜில் இருக்கும் கிம்ச்சி, அதாவது மிளகாயும் பூண்டும் பூசி நொதிக்கவைத்த முட்டைக்கோஸ், புளிப்பு ஏறி, சோற்றுக்கு அப்படியே தொட்டுக்கொள்ள முடியாத நிலைக்கு வந்துவிட்டால் அன்றைக்கு ஜிகேதான்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டு, பத்து நிமிடத்தில் இறக்கச் சொல்லும் செய்முறைகள் நிறைய உண்டு. அப்படிச் செய்தால் காரத் தண்ணீரில் முட்டைக்கோஸ் மிதக்கும், அவ்வளவுதான். இந்தக் குழம்பின் ருசி நன்றாகப் புளித்த கிம்ச்சியிலும், அதைக் கறிக் கொழுப்பில் பொறுமையாக வதக்குவதிலும் இருக்கிறது. அந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மற்ற வேலையெல்லாம் சுலபம்.

முதலில் கிம்ச்சி

புதுக் கிம்ச்சியில் ஜிகே நன்றாக வராது. நாப்பா என்ற நீளமான சீன முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்து, மிளகாய், பூண்டு, இஞ்சி, உப்பிட்ட இறால், ஃபிஷ் சாஸ் எல்லாம் சேர்த்து இலைக்கு இலை பூசி மூடிவைக்கிறார்கள். உள்ளே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் காயிலுள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றத் தொடங்கும். முதல் சில நாட்களில் தண்டு நறுக்கென்று இருக்கும், காரமும் பூண்டும் தனித்தனியாகத் தெரியும். வாரங்கள் போகப் போகப் புளிப்பு ஏறி, இலை தளர்ந்து, எல்லா ருசியும் ஒன்றாகக் கலந்துவிடும். ஜிகேக்கு வேண்டியது இந்தப் பக்குவம்.

மாதக்கணக்கில் குளிரில் இருந்து முற்றிய கிம்ச்சியைக் கொரியர்கள் முகுன்ஜி என்பார்கள். குளிர்காலம் தொடங்கும் முன்பே குடும்பமும் அக்கம்பக்கமும் ஒன்றுகூடி மொத்தமாகக் கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. தென் கொரியாவின் கிம்ஜாங் 2013-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. முன்பெல்லாம் பானைகளை மண்ணில் புதைத்துவைத்தார்கள். இப்போது அதற்கென்றே கிம்ச்சி ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. அப்படிப் போட்டுவைத்ததில் மாதங்கள் கடந்து மிஞ்சும் கிம்ச்சிக்கு ஜிகேயைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து.

நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடை பாக்கெட்தான். ஹுண்டாய் ஆலை வந்த பிறகு கொரியக் குடும்பங்களும் வந்து சேர்ந்ததால் சென்னையில் கொரிய மளிகைக் கடைகள் இருக்கின்றன. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் ஆன்லைனிலும் கிம்ச்சி கிடைக்கிறது. தயாரிப்புத் தேதி பழையதாக உள்ள பாக்கெட்டைத் தேடி எடுங்கள். பாக்கெட் லேசாக உப்பியிருந்தால் பயப்பட வேண்டாம், அது நொதித்தலில் வரும் வாயு. ஆனால் மேலே பஞ்சு மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பக்குவம் பார்க்க ஒரு தண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் இன்னும் இளசு. உள்ளே ஒளி ஊடுருவுகிற மாதிரி மங்கி, மடித்தால் உடையாமல் வளைந்தால் தயார். கடித்ததும் காரத்துக்கு முன்னால் புளிப்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒரு டப்பாவில் முக்கால் அளவுக்கு அழுத்தி வைத்து, மூடியை லேசாகத் தளர்த்தி, அடியில் ஒரு தட்டோடு வெளியே விடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளே பெரும்பாலும் போதும். பிறகு ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும். அவசரத்துக்குக் குழம்பில் ஒரு ஸ்பூன் வினிகர் விடலாம். புளிப்பு வரும், ஆழம் வராது.

மூன்று பேருக்கு என்னென்ன வேண்டும்

புளித்த கிம்ச்சி 300 கிராம், அதன் சாறு அரை கப். கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருக்கும் பன்றி வயிற்றுக் கறி 200 கிராம். டோஃபு 200 கிராம். பாதி பெரிய வெங்காயம், இரண்டு வெங்காயத்தாள், நசுக்கிய பூண்டு ஒரு டேபிள்ஸ்பூன். கோச்சுகாரு என்ற கொரிய மிளகாய்த் தூள் ஒரு டேபிள்ஸ்பூன். சர்க்கரை ஒரு டீஸ்பூன், சோயா சாஸ் ஒரு டீஸ்பூன், தண்ணீர் 600 மில்லி.

கோச்சுகாரு விதை நீக்கி, கரகரப்பாக உடைத்த மிளகாய். காரம் குறைவு, நிறம் அதிகம். கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாயை விதை தட்டிவிட்டு மிக்ஸியில் ஒரே சுற்று சுற்றுங்கள். மணம் அதே போல இருக்காது, ஆனால் குழம்பு கெடாது. வீட்டு மிளகாய்த் தூள் வேண்டாம். அது நைசாக இருப்பதால் கொழுப்பில் சட்டென்று கருகிவிடும்.

தண்ணீருக்குப் பதில் அரிசி களைந்த தண்ணீர் விடுவது கொரிய வீடுகளில் உள்ள பழக்கம். முதல் கழுவலைக் கொட்டிவிட்டு இரண்டாவது கழுவலை எடுங்கள். அதிலுள்ள மாவுச்சத்து குழம்புக்கு லேசான கெட்டித்தன்மை தரும், புளிப்பின் கூர்மையையும் தணிக்கும். நெத்திலிக் கருவாட்டைத் தலையும் குடலும் நீக்கிப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்த தண்ணீரும் அருமையாக இருக்கும்.

செய்முறை

கிம்ச்சியை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டுங்கள். கறியையும் அதே அளவில். வெங்காயத்தை நீளவாக்கில் நறுக்குங்கள்.

அடி கனமான பாத்திரத்தை அல்லது பழகிய மண்சட்டியை மிதமான தீயில் வைத்து, எண்ணெய் விடாமல் கறியைப் போடுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் கொழுப்பு உருகி அடியில் தேங்கும், கறியின் இளஞ்சிவப்பு போய்விடும். கறி மொறுமொறுப்பாக வேண்டியதில்லை.

இப்போது கிம்ச்சி. சாற்றைச் சேர்க்காதீர்கள், துண்டுகள் மட்டும் போகட்டும். பலரும் இந்த இடத்தில்தான் ஒரு கிளறு கிளறிவிட்டுத் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். ஏழெட்டு நிமிடம் கொடுங்கள். முதலில் கிம்ச்சி நீர் விட்டு நசநசவென்று வேகும். அந்த நீர் வற்றியதும் சத்தம் மாறும், பொரிகிற ஒலி கேட்கும். மூக்கில் ஏறும் புளித்த வாடை அடங்கி, வதங்கிய பூண்டின் மணம் வரும். அடியில் சிவப்பு எண்ணெய் பிரிந்து நிற்கும், தண்டுகள் பளபளப்பாகிவிடும். அடி பிடிப்பது போல் இருந்தால் ஒரு ஸ்பூன் சாறு தெளித்துச் சுரண்டிவிடுங்கள்.

தீயைக் குறைத்து, பூண்டும் கோச்சுகாருவும் போட்டு அரை நிமிடம் கிளறுங்கள். வெங்காயம், கிம்ச்சிச் சாறு, சர்க்கரை, அரிசித் தண்ணீர் எல்லாம் சேர்த்துத் தீயைக் கூட்டுங்கள். கொதி வந்ததும் மிதமான தீயில், மூடியைச் சற்றுத் திறந்து, இருபது நிமிடம் விடுங்கள். முகுன்ஜியாக இருந்தால் அரை மணி நேரம்கூடத் தாங்கும். தண்டு கரண்டியால் அழுத்தினால் மசிய வேண்டும்.

உப்பு அதுவரை வேண்டாம். கிம்ச்சியிலும் சாற்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது ருசி பாருங்கள். சப்பென்று இருந்தால் இன்னும் கொஞ்சம் சாறு, பிறகு சோயா சாஸ். புளிப்பு நாக்கைப் பிடுங்கினால் இன்னும் அரை டீஸ்பூன் சர்க்கரை. கோச்சுஜாங் என்ற மிளகாய் விழுதைச் சேர்ப்பவர்களும் உண்டு. எனக்குப் பிடிப்பதில்லை, அதன் இனிப்பும் கெட்டித்தன்மையும் கிம்ச்சியின் புளிப்பை மூடிவிடுகின்றன.

டோஃபுவை விரல் கனத்தில் வெட்டி மேலே அடுக்குங்கள். கிளறினால் உடையும், குழம்பைக் கரண்டியால் மொண்டு அதன் மேல் ஊற்றினால் போதும். ஐந்து நிமிடம். வெங்காயத்தாள் தூவி இறக்குங்கள்.

பன்றிக் கறி சாப்பிடாதவர்கள்

கொரியாவிலேயே டின் சூரை மீன் போட்டுச் செய்யும் ஜிகே பிரபலம். கிம்ச்சியை இரண்டு ஸ்பூன் எண்ணெயில் அதே பொறுமையோடு வதக்கி, மீனைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேருங்கள். சைவம் என்றால் கிம்ச்சி பாக்கெட்டின் பின்புறத்தை அவசியம் படியுங்கள், பெரும்பாலானவற்றில் இறாலோ ஃபிஷ் சாஸோ இருக்கும். வீகன் என்று எழுதியவை தனியாகக் கிடைக்கின்றன. அதோடு ஷீடாகே காளான் ஊறிய தண்ணீரையும் காளானையும் சேர்த்தால் கறியில்லாத குறை பெரிதாகத் தெரியாது.

பரிமாறும்போது

சுடச்சுடச் சோறு வேண்டும். கொரியர்களின் அரிசி குட்டையாக, ஒட்டும் தன்மையோடு இருக்கும். நம் வீட்டில் புழுங்கலரிசியைவிடச் சற்றுக் குழைந்த பச்சரிசிச் சோறு ஒத்துப்போகும். சோற்றின் மேல் குழம்பை ஊற்றிப் பிசையாமல், ஒரு வாய் சோறு, ஒரு ஸ்பூன் குழம்பு என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பொரித்த முட்டை இருந்தால் காரத்துக்கு இதம்.

மீதியை ஃப்ரிட்ஜில் வையுங்கள். முந்தின நாள் மீன் குழம்பு போல இதுவும் மறுநாள் ஏறும் ருசி உடையது. சூடாக்கும்போது அரை கப் தண்ணீர் விட்டு, டோஃபு மட்டும் புதிதாகச் சேருங்கள்.