ஐப்பசி கார்த்திகைல தோப்புக்குள்ள கலர் தீம் கல்யாணம் பண்றது எப்படி

தங்கச்சி கல்யாணத்த போன கார்த்திகைல பொள்ளாச்சி பக்கம் எங்க மாமன் தென்னந்தோப்புலயே வெச்சோம்ங்க. மண்டபமே வேண்டாம், தோப்புலதான் வெக்கோணும்னு அவளும் மாப்ளயும் ஒரே புடி. அப்ப இருந்து எப்படி பண்ணுனீங்கன்னு கேக்கறவங்க நெம்பப் பேரு, அதான் எழுதறேன்.

மொதல்ல மழையப் பாருங்க, கலர் எல்லாம் அப்புறம். புரட்டாசிலயும் மார்கழிலயும் நாம கல்யாணம் வெக்கறதில்ல, நடுவுல கெடக்கற ரெண்டு மாசமும் வடகிழக்கு பருவமழை, நம்மூர்ல அக்டோபர் நவம்பர்லதான் நல்லாப் புடிக்கும். அதனால ஜோசியர்கிட்ட கார்த்திகை பின்பாதில, அதாவது டிசம்பர் மொத ரெண்டு வாரத்துல முகூர்த்தம் இருக்கான்னு கேளுங்க. இந்த சீசன் இடி மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் வரும், அதனால விடியக்கால முகூர்த்தத்த மரத்தடில வெச்சுக்கலாம், சாயங்கால ரிசப்சனும் பந்தியும் கண்டிப்பா தகர சீட் பந்தலுக்குள்ளதான். துணிப் பந்தல் போதும்னு யாரு சொன்னாலும் கேக்காதீங்க.

தோப்புக்கு பத்து நாள் முன்னாடியே தண்ணி விடறத நிறுத்திருங்க, இல்லீன்னா மண்ணு பொதபொதன்னு இருந்து சேர் கால் எறங்கிரும். மரம் ஏறறவங்கள கூப்ட்டு காயி, காஞ்ச மட்டை, பாளை எல்லாத்தையும் எறக்கிப் போடச் சொல்லுங்க, கொழந்தைக ஓடற எடம், இதுல மட்டும் அசால்ட்டா இருக்கவே கூடாது. நடக்கற வழிக்கு சிவப்பு கார்பெட் வேண்டாம், மழை பட்டா ஊறி நாறிப்போகும், தென்னை நார் மேட்டு போடுங்க, அதுதான் நம்மூர்லயே கெடைக்குதே.

இப்ப கலர். மஞ்சள், செண்டுமல்லி ஆரஞ்சு, அரக்கு, இந்த மூணு போதும், பச்சைய தோப்பே குடுத்துரும். ஈரோட்டு மஞ்சள்ல ஆரம்பிச்சு மழை நனைஞ்ச செம்மண் வரைக்கும் நம்ம காட்டுல இருக்கற கலருதான் எல்லாமே. மொதல்ல ஊதாவும் வாங்குனோம், மர நெழல்ல வெச்சுப் பாத்தா மங்கிப் போச்சு, அதனால எந்தத் துணியா இருந்தாலும் தோப்புக்கே கொண்டு போயி, கல்யாணம் நடக்கற அதே நேரத்துல விரிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. போன்ல போட்டோ அனுப்பி கலர் சொல்ற வேலை ஆகாதுங்க, அரக்குன்னா பந்தக்காரருக்கு ஒண்ணு டெய்லருக்கு ஒண்ணு, மூணு கலர்லயும் துண்டுத்துணி வெட்டி எல்லாரு கைலயும் குடுத்துருங்க. முகூர்த்தச் சேலைய மட்டும் தீம்ல சேக்காம பெரியவங்க இஷ்டத்துக்கு விட்டுட்டோம், எங்க அமுச்சி, அதான் அம்மாவப் பெத்த பாட்டி, மொகத்துல அன்னிக்கு இருந்த சந்தோசத்துக்கு அதுதான் சரி.

பூவுக்கு சத்தியமங்கலம் மார்க்கெட். பனி எறங்க ஆரம்பிச்சா மல்லி வரத்து கொறைஞ்சு வெல எகிறிரும், அதனால மல்லிய பொண்ணு தலைக்கும் மாலைக்கும் மட்டும் வெச்சுக்கிட்டு, அலங்காரம் பூரா செண்டுமல்லி, கோழிக்கொண்டைல பண்ணுனோம். உக்கார பவானி ஜமுக்காளம் விரிச்சோம், அந்தப் பட்டைபட்டைக் கோடே தீமுக்குப் பொருந்திருச்சு, தனியா ஒண்ணும் செய்யல.

டெக்கரேசன்காரரு மணவறைய போட்டோவுக்காக நெருக்கிக் கட்டுவாங்க. அதுக்கு முன்னாடி அருமைக்காரர, அதான் கொங்கு கல்யாணத்துல சீரெல்லாம் நடத்தி வெக்கற பெரியவர, கூப்ட்டு எடத்தக் காட்டுங்க. இணைச்சீர்ங்கற சடங்குக்கு மாப்ளயும் அவரு அக்கா தங்கச்சியும் உக்காரோணும், சுத்தி சொந்தம் நிக்கோணும், மங்கல வாழ்த்து பாடறது மைக் இல்லாமயே எல்லாருக்கும் கேக்கோணும், அந்த அளவு சொல்லிட்டு அப்புறம் பூவக் கட்டச் சொல்லுங்க.

லைட்டு விசயத்துலதான் நாங்க சிரமப்பட்டது. மழை பேஞ்ச சாயங்காலம் ஈசல் கெளம்பி லைட்டு இருக்கற பக்கம் அப்படியே வந்து விழும், எங்களுக்கு ரெண்டாவது பந்தில எலைலயே விழுந்துருச்சு. பந்திக்கு மேல மங்கலான மஞ்ச பல்பு மட்டும் போட்டு, பெரிய லைட்ட தள்ளி தோப்பு ஓரத்துல கட்டுங்க, பந்தியையும் இருட்டறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுருங்க.