"எங்கள் மாநிலத்தில் அந்தச் சட்டம் செல்லாது" என்று அறிவித்தால் எதைப் பார்க்க வேண்டும்

அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம், "இந்த ஃபெடரல் (மத்திய அரசின்) சட்டத்தை நாங்கள் ஏற்க மாட்டோம்" என்று அடிக்கடி அறிவிக்கிறது. துப்பாக்கி, கஞ்சா, குடியேற்றம் என்று விஷயம்தான் மாறும். நான் குடியேற்ற வழக்குகள் நடத்தும் ஓர் அலுவலகத்தில் சட்ட உதவியாளராக இருக்கிறேன். இப்படி ஒரு செய்தி வந்தால் அடுத்த நாளே போன் வரும்: "அப்போ இனிமேல் பயம் இல்லையா?" அதற்குப் பதில் சொல்ல நான் என்னென்ன பார்ப்பேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

செய்தித் தலைப்பை விட்டுவிட்டு, மாநிலச் சட்டமன்றத்தின் இணையதளத்தில் மூல வாசகத்தை எடுங்கள். முதலில் அது சட்டமா, வெறும் தீர்மானமா என்று பாருங்கள். பெரும்பாலான தீர்மானங்கள் மன்றத்தின் கருத்து மட்டுமே, யாரையும் கட்டுப்படுத்தாது. சட்டம் என்றால் கவர்னர் கையெழுத்திட்ட கடைசி வடிவத்தைத்தான் படிக்க வேண்டும், முதலில் தாக்கல் செய்த மசோதாவை அல்ல. இரண்டுக்கும் நடுவில் பாதி உள்ளடக்கம் காணாமல் போயிருக்கும்.

அடுத்ததுதான் முக்கியம். ஒவ்வொரு பிரிவிலும் கட்டளை யாருக்கு என்று பாருங்கள். "நம் போலீஸார், நம் ஊழியர்கள், நம் சிறைகள் அந்தச் சட்டத்தை அமல்படுத்த உதவக் கூடாது" என்றிருந்தால் அது பெரும்பாலும் நிற்கும். "அந்தச் சட்டமே செல்லாது" என்றோ, "ஃபெடரல் அதிகாரி அதை அமல்படுத்தினால் கைது செய்வோம்" என்றோ இருந்தால் நிற்காது. முன்னது ஒத்துழைக்க மறுப்பது. பின்னதுதான் நல்லிஃபிகேஷன். செய்திகளில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிடுகிறார்கள். என்னைத் தேடி வரும் குழப்பமெல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

உதவ மறுக்கும் உரிமை எங்கிருந்து வந்தது? துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை ஷெரிஃப்களே, அதாவது உள்ளூர்க் காவல் தலைவர்களே, சரிபார்க்க வேண்டும் என்று பிரேடி சட்டம் சொன்னது. மொன்டானாவின் ஒரு ஷெரிஃபும் அரிசோனாவின் ஒரு ஷெரிஃபும் வழக்குப் போட்டார்கள். மாநில அதிகாரிகளை மத்திய அரசு வேலை வாங்க முடியாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுதான் பிரின்ட்ஸ் வழக்கு. வேர் இன்னும் பழையது. தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதை 1842-இன் பிரிக் வழக்கிலேயே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மறு ஆண்டே மாசசூசெட்ஸ் தன் அதிகாரிகளும் சிறைகளும் அந்த வேலைக்குப் பயன்படக் கூடாது என்று சட்டம் போட்டது. மனிதர்களை விலங்கிட்டுத் திருப்பி அனுப்பும் வேலைக்குத் தன் சிறைக் கதவைத் திறக்க மாட்டேன் என்று ஒரு மாநிலம் சொன்னது எனக்கு இன்றும் பெருமையான விஷயம்.

செல்லாது என்று அறிவித்தவர்களின் கதை வேறு. 1832 நவம்பரில் தென் கரோலினா, 1828 மற்றும் 1832-ஆம் ஆண்டுகளின் இறக்குமதி வரிச் சட்டங்கள் அடுத்த பிப்ரவரி 1 முதல் செல்லாது என்றது. அதிபர் ஜாக்சன் அதை மறுத்து அறிக்கை விட்டார். ராணுவத்தைப் பயன்படுத்த அதிகாரம் தரும் சட்டமும், வரியைப் படிப்படியாகக் குறைக்கும் சட்டமும் 1833 மார்ச்சில் ஒன்றாக வந்தன. தென் கரோலினா தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 1950-களில் தென் மாநிலங்கள் பள்ளிகளில் இனப் பிரிவினையைக் காப்பாற்ற இதே வாதத்தை எடுத்தன. 1958-இல் லிட்டில் ராக் பள்ளி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் தனித்தனியே பெயரிட்டு, உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன விளக்கம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் என்றார்கள். தப்பிய அடிமைகளைப் பிடிக்கும் ஃபெடரல் சட்டம் செல்லாது என்று விஸ்கான்சின் மாநில நீதிமன்றம் செய்த முயற்சியும் 1859-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றதுதான். நோக்கம் நல்லதா கெட்டதா என்பது இந்தக் கணக்கில் வராது.

இரண்டையும் கலந்து எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு மிசௌரியைப் பாருங்கள். 2021-இல் அந்த மாநிலம் சில ஃபெடரல் துப்பாக்கிச் சட்டங்கள் தன்னிடம் செல்லாது என்று அறிவித்தது. அவற்றை அமல்படுத்தும் உள்ளூர் போலீஸ் துறைகளுக்கு 50,000 டாலர் வரை அபராதம் என்றது. போலீஸை உதவ விடாமல் தடுப்பது மட்டும் என்றால் நின்றிருக்கும். ஆனால் முழுச் சட்டமும் "அவை செல்லாது" என்ற அடித்தளத்தில் எழுதப்பட்டிருந்தது. உதவியை நிறுத்தலாம், ஆனால் ஃபெடரல் சட்டத்தைச் செல்லாததாக்கி அதைச் செய்ய முடியாது என்று 2024-இல் எட்டாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. எந்த மசோதாவை எடுத்தாலும் நான் முதலில் இந்தத் தீர்ப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

அப்புறம் பணம். மத்திய அரசு கட்டளையிட முடியாது, ஆனால் நிதிக்கு நிபந்தனை போடலாம். குடிக்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதம் பிடிப்போம் என்பதை 1987-இல் நீதிமன்றம் ஏற்றது. ஆகவே மாநிலம் எந்த நிதியை இழக்கும் என்று பாருங்கள். பல எதிர்ப்புகள் நிதிப் பேச்சு வந்ததும் தணிந்துவிடும்.

கடைசியாக, உங்களைப் பற்றி. மாநிலம் உதவ மறுப்பதால் ஃபெடரல் சட்டம் மறைவதில்லை. கலிஃபோர்னியா 1996-இலேயே மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. 2002-இல் அங்கே மருத்துவத்துக்காகக் கஞ்சா வளர்த்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு உள்ளூர் அதிகாரிகளும் ஃபெடரல் அதிகாரிகளும் வந்தார்கள். மாநிலச் சட்டப்படி குற்றமில்லை என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னார்கள். மூன்று மணி நேர இழுபறிக்குப் பிறகு ஃபெடரல் அதிகாரிகள் அவரது 6 செடிகளையும் பிடுங்கி அழித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2005-இல் மத்திய அரசுக்கே சாதகமாக முடிந்தது.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கஞ்சா கடை உங்கள் தெருவில் உரிமத்தோடு இருக்கலாம். ஆனால் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தையை எடைபோடும்போது குடியேற்றத் துறை ஃபெடரல் சட்டத்தைத்தான் பார்க்கும். மாநிலம் அனுமதித்தாலும் பயன் இல்லை என்று 2019-இல் அந்தத் துறை தன் வழிகாட்டியிலேயே எழுதிவிட்டது. அந்தக் கடையில் வேலைக்குச் சேர்வதும் சிக்கல்தான். துப்பாக்கி வாங்க நிரப்பும் 4473 படிவத்திலும், மாநிலம் அனுமதித்தாலும் கஞ்சா ஃபெடரல் சட்டப்படி குற்றம் என்ற எச்சரிக்கை கேள்விக்குப் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஏதாவது படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், வேலையை ஒப்புக்கொள்ளும் முன், குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.