கோட்டாற்றுக்குக் காரில் போகாதீர்கள்

எழுதுவது கோட்டாறு, வாயில் வருவது கோட்டார்; நாகர்கோவிலுக்குள்ளேயே இருக்கிற பழைய மார்க்கெட் பகுதி. நாகர்கோவிலுக்கு வரும் நண்பர்கள் கன்னியாகுமரியில் சூரியோதயம், திற்பரப்பு அருவியில் குளியல் என்று சுற்றிவிட்டு, கிளம்புகிற அன்றைக்கு "கோட்டாறையும் ஒரு எட்டு பார்த்துடலாமா?" என்பார்கள். அங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது. ஒரு எட்டில் முடிகிற இடமா அது!

அடுத்தது கார். ஒருமுறை ஊரிலிருந்து வந்த சித்தப்பா மகன், மேப் காட்டுகிறதே என்று காலை நேரத்தில் காரை மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டான். முன்னால் அரிசி மூட்டை இறக்குகிற லாரி, பின்னால் மினி டெம்போ, நடுவில் தேங்காய்ச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அண்ணன் "தம்பி, பைய ரிவர்ஸ் எடு" என்கிறார். முக்கால் மணி நேரம் அதே இடம். பேசாமல் பஸ்ஸில் போங்கள். சுசீந்திரம் போகும் பஸ்கள் கோட்டாறு, அதை ஒட்டிய இடலாக்குடி வழியாகத்தான் போகும். ஆட்டோ என்றால் ஏறும் முன்பே கூலியைப் பேசிவிடுங்கள்.

ரயிலில் வருபவர்கள் டிக்கெட்டில் நாகர்கோவில் ஜங்ஷனா, டவுனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு ஸ்டேஷன், கோட்டாற்றுக்குப் பக்கம் ஜங்ஷன்தான். சில ரயில்கள் டவுனில் மட்டும் நின்றுவிட்டுப் போய்விடும். பஸ் ஸ்டாண்டும் இரண்டு: வெளியூர் பஸ்ஸுக்கு வடசேரி, டவுன் பஸ்ஸுக்கு மீனாட்சிபுரம் அண்ணா பஸ் ஸ்டாண்ட்.

சரி, இறங்கியாச்சு, வழி கேட்கிறீர்கள். "கோயிலுக்கு எதிர்த்தாப்புல" என்று ஒருவர் சொன்னால் கோபுரத்தைத் தேடாதீர்கள். எங்களுக்குச் சர்ச்சும் கோயில்தான், சவேரியார் கோயில் என்றுதான் யாரும் சொல்வார்கள். அதேபோல இடலாக்குடியில் "பள்ளி" என்றால் மசூதி, பிள்ளைகள் படிப்பது பள்ளிக்கூடம். இது தெரியாமல் என் நண்பன் ஒருவன் ஸ்கூல் கேட்டைத் தேடி பள்ளிவாசலை மூன்று தடவை சுற்றியிருக்கிறான்.

சவேரியார் கோயிலுக்குள் போய் பீடத்தைப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நட்டாலத்தில் பிறந்து, கிறிஸ்தவராக மாறி, 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் கல்லறை உள்ளேதான் இருக்கிறது. 2022 மே 15-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தால், முழங்காலில் நிற்பவர்களில் பொட்டு வைத்தவர்களும் இருப்பது கண்ணில் படும். டிசம்பர் 3 திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. கூட்டம் பிடிக்கும் என்றால் மட்டும் அந்தச் சமயத்தில் வாருங்கள், லாட்ஜில் அறையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இடலாக்குடியை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். சதாவதானி செய்குதம்பிப் பாவலரின் ஊர் அது. 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துக் காட்டியவர். வள்ளலார் பாடல்கள் அருட்பாவா (அருளில் வந்தவையா) மருட்பாவா (மயக்கத்தில் வந்தவையா) என்று சண்டை நடந்தபோது அருட்பாதான் என்று மேடை மேடையாகப் பேசியவரும் இவரே. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் மட்டும் போகாதீர்கள், தெரு நிறைந்திருக்கும்.

அப்புறம், தயவுசெய்து "நீங்க மலையாளியா?" என்று கேட்காதீர்கள். டீயைச் சாயா என்கிறோம், பேச்சில் ஒரு இழுப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தவர்கள்தானே. ஆனால் போராடி, உயிர்களைக் கொடுத்து, 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தவர்கள் நாங்கள். கேள்வி சாதாரணமாகத்தான் வரும், பதில் அப்படி வராது.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. ஓட்டலில் "கிழங்கு இருக்கு" என்றால் உருளைக்கிழங்கு வரும் என்று காத்திருக்காதீர்கள், வருவது மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. மீன் குழம்பை வேண்டாம் என்று சொல்லாமல் அதன் மேலேயே ஊற்றிக்கொள்ளுங்கள். கிளம்பும்போது மட்டிப்பழம் வாங்குவீர்கள், எங்கள் பக்கத்துச் சின்ன வாழைப்பழம். நன்றாகப் பழுத்த சீப்பை வாங்கி ரயிலில் ஏறினால் சென்னை போவதற்குள் பாதி நசுங்கிவிடும். "ஊருக்குக் கொண்டு போகணும்" என்று கடைக்காரரிடம் சொன்னால் அவரே செங்காயாகப் பார்த்து வெட்டித் தருவார்.