வளரும் படத்தொகுப்புக்கு மென்பொருள் தேர்ந்தெடுப்பது எப்படி?

படங்கள் ஆயிரத்தைத் தாண்டாத வரை கோப்புறைகளே போதும். இரண்டு கைப்பேசிகள், ஒரு கேமரா, ஸ்கேன் செய்த பழைய ஆல்பங்கள், வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தவை என நாலா பக்கமிருந்தும் படங்கள் சேர்ந்து பத்தாயிரத்தைக் கடந்ததும், பெயரிட்டு வைக்கவும் தேடி எடுக்கவும் ஒரு மென்பொருள் தேவைப்படுகிறது. அப்போது பெரும்பாலோர் விலையையும் தோற்றத்தையும் முகங்களை அடையாளம் காணும் திறனையும் ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் முன்னதாக, படத்துக்கு நாம் எழுதும் பெயரையும் குறிப்பையும் அந்த மென்பொருள் எங்கே எழுதி வைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை நான் இழந்துதான் கற்றுக்கொண்டேன். என் அத்தை அருகில் அமர்ந்து, ஸ்கேன் செய்த ஏறத்தாழ நானூறு குடும்பப் படங்களில் இருப்பவர்களை ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அவற்றை ஒரு மென்பொருளில் பதிந்து வந்தேன். பிறகு கணினியை மாற்றியபோது படங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, பழைய வன்தட்டை அழித்துவிட்டேன். புதிய கணினியில் எல்லாப் படங்களும் திறந்தன. ஒரு பெயர்கூட இல்லை. நான் பதிந்த பெயர்கள் படங்களுக்குள் போகவே இல்லை, அந்த மென்பொருளின் தரவுத்தளத்தில் மட்டும் இருந்திருக்கின்றன. அதற்குள் அத்தையும் காலமாகிவிட்டார்.

ஒரு ஜேபெக் கோப்புக்குள் படத்தோடு சேர்த்துத் தகவல்களையும் வைக்க இடம் உண்டு. எடுத்த நாள், நேரம், லென்ஸ், இடமறியும் வசதி இருந்தால் இடத்தின் ஆயத்தொலைவுகள் ஆகியவற்றைக் கேமராவே எக்சிஃப் என்ற பகுதியில் எழுதிவிடுகிறது. தலைப்பு, குறிச்சொல், விளக்கம் போன்று மனிதர் எழுதுபவற்றுக்கு ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்ற பொது வடிவங்கள் இருக்கின்றன. கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புகளுக்குள் எழுதுவதைப் பல மென்பொருள்கள் தவிர்த்து, அதே பெயரில் ஒரு சிறிய எக்ஸ்எம்பி கோப்பை அருகிலேயே வைக்கின்றன. இந்த இரண்டு வழிகளில் எதுவானாலும் சரி. அந்தச் சிறிய கோப்பையும் சேர்த்து நகலெடுத்தால், படம் எங்கு போனாலும் நீங்கள் எழுதியது கூடவே போகும். தரவுத்தளத்தில் மட்டும் எழுதும் மென்பொருளில், அந்த மென்பொருள் இருக்கும் வரைதான் உங்கள் உழைப்பும் இருக்கும்.

மென்பொருள்கள் நின்றுபோவது அரிதான செய்தி அன்று. வீடுதோறும் புழங்கிய பிக்காசாவைக் கூகுள் 2016இல் நிறுத்தியது. ஒளிப்படக் கலைஞர்கள் நம்பியிருந்த அப்பர்ச்சரின் வளர்ச்சியை நிறுத்துவதாக ஆப்பிள் 2014இல் அறிவித்தது. சேவை நீடித்தாலும் நிபந்தனை மாறலாம்: கூகுள் போட்டோஸ் அளித்த வரம்பற்ற இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் இல்லை. இப்போது கிடைக்கும் 15 ஜிபியும் ஜிமெயில், டிரைவ் ஆகியவற்றோடு பகிரப்படுவது. படத்துக்கு 4 எம்பி என்று வைத்தால் நாலாயிரம் படங்கள்கூட அதில் அடங்கா.

இனித் தேர்வுக்கு வருவோம். பணம் செலவிடாமல் தொடங்க விரும்புவோருக்கு நான் முதலில் சொல்வது டிஜிகேம். திறந்த மூல மென்பொருளான இது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். படங்கள் உங்கள் கோப்புறைகளிலேயே இருக்கும். முதன்முறை திறக்கும்போதே, தகவல்களைக் கோப்புகளில் எழுதட்டுமா என்று அது கேட்கும். அங்கே ஆம் என்று சொல்லிவிட வேண்டும். ஆனால் அதில் ஒரு படத்தை நீக்கினால் உண்மையான கோப்பே நீங்கும் என்பதை வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லி வையுங்கள். ரா கோப்புகளை அதிகம் திருத்துபவர்களுக்கு அடோபி லைட்ரூம் கிளாசிக் பொருத்தமானது, சந்தா கட்ட வேண்டும். எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் அமைப்பு அதில் தொடக்கத்தில் அணைந்திருக்கும். கேட்டலாக் (லைட்ரூமின் தரவுத்தளம்) அமைப்புகளில் மெட்டாடேட்டா பகுதிக்குச் சென்று அதை இயக்க வேண்டும். ஆப்பிள் போட்டோஸ் வழக்கமாகப் படங்களைத் தன் நூலகத்துக்குள் எடுத்துக்கொள்ளும். வெளியே எடுக்கும்போது, குறிப்புகளை எக்ஸ்எம்பியாகத் தரும்படி நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். கூகுள் போட்டோஸின் தேடல் மிகச் சிறந்தது என்றாலும், டேக்அவுட் என்ற கூகுளின் பதிவிறக்க வசதி வழியாக மொத்தமாக இறக்கினால், அங்கே நீங்கள் எழுதிய விளக்கங்கள் ஜேசான் என்ற தனிக் கோப்புகளில் வரும். அதைப் பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் வைத்துக்கொண்டு, மூலத் தொகுப்பை வீட்டில் வைப்பதே நல்லது.

எதையும் என் சொல்லை நம்பி ஏற்க வேண்டாம். ஒரு மாலைப் பொழுதில் நீங்களே சோதிக்கலாம். இருபது படங்களை ஒரு புதிய கோப்புறையில் நகலெடுங்கள். அவற்றுள் கைப்பேசிப் படம், ஸ்கேன் படம், ஐபோனின் ஹெச்இஐசி படம், ரா கோப்பு, வாட்ஸ்அப் படம் எல்லாம் கலந்திருக்கட்டும். மென்பொருளில் அவற்றுக்குத் தமிழில் குறிச்சொல்லும் விளக்கமும் எழுதி, இரண்டு முகங்களுக்குப் பெயரிட்டு, மூடிவிடுங்கள். அந்தக் கோப்புறையை மட்டும் பென் டிரைவில் வேறொரு கணினிக்குக் கொண்டுபோய், தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசமான எக்ஸ்என்வியூ எம்பி போன்ற வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். குறிச்சொல்லும் விளக்கமும் அங்கே தெரியாவிட்டால், அமைப்புகளைச் சரிசெய்து இன்னொரு முறை முயலுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் அந்த மென்பொருளை விட்டுவிடுங்கள். முகப்பெயர்கள் மட்டும் எல்லா மென்பொருள்களுக்கும் பொதுவாகப் புரிவதில்லை. ஆகவே முக்கியமானவர்களின் பெயரைக் குறிச்சொல்லாகவும் எழுதி வைப்பது பாதுகாப்பானது.

தமிழில் எழுதுபவர்கள் இச்சோதனையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய ஐபிடிசி வடிவம் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட் மட்டுமே அனுமதிக்கிறது. கணினி எழுத்துகளைப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் கொள்ளும். ‘கா’ என்பதில் ககரமும் காலும் தனித்தனிக் குறிகள். ‘திருவண்ணாமலை கார்த்திகை’ என்று எழுதினாலே 67 பைட் ஆகி, கடைசி எழுத்து சிதையக்கூடும். எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு இல்லை. ஆயினும் ஊரை ஒரு குறிச்சொல்லாகவும் விழாவை இன்னொன்றாகவும் பிரித்து எழுதினால் எந்த வடிவத்திலும் சிக்கல் வராது, தேடுவதற்கும் எளிது.

அடுத்தது, தேதியைத் திருத்தும் வசதி. ஸ்கேன் செய்த 1974ஆம் ஆண்டுத் திருமணப் படம், ஸ்கேன் செய்த நாளின் தேதியோடுதான் வரிசையில் நிற்கும். வாட்ஸ்அப் வழியாகப் படமாக வருபவற்றில் எக்சிஃப் தகவல் நீங்கியிருக்கும்; ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரில் உள்ள 20210514 போன்ற எண்கள்தாம் மிஞ்சும், அதுவும் படம் அனுப்பப்பட்ட நாளையே குறிக்கும். நூறு படங்களை ஒன்றாகத் தேர்ந்து அவற்றின் தேதியை ஒரே முறையில் மாற்ற இயலாத மென்பொருள், பழைய ஆல்பங்கள் உள்ள வீட்டுக்கு உதவாது.

மென்பொருளை முடிவுசெய்த பின்பு, முழுத் தொகுப்பையும் அதில் சேர்ப்பதற்கு முன்னர் தனி வன்தட்டில் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள். ஐம்பதாயிரம் படங்கள் என்றாலும் ஏறத்தாழ 200 ஜிபிதான். அதன் பிறகு வழக்கமாக எடுக்கும் நகலில் தரவுத்தளக் கோப்பையும் சேர்க்க வேண்டும். டிஜிகேமில் அதன் பெயர் டிஜிகேம்4.டிபி, லைட்ரூமில் எல்ஆர்கேட் என்று முடியும் கோப்பு. படங்களைக் குழுவாகச் சேர்த்தது போன்ற சில விவரங்கள் அதில் மட்டுமே இருக்கும்.