பழைய கல்லூரி செட்டைத் தேடிச் சேர்க்க, சேர்ந்ததைக் காப்பாற்ற

கல்லூரியை விட்டு முப்பது, நாற்பது வருஷம் ஆன பிறகு பழைய செட்டை ஒன்று சேர்க்கக் கிளம்புகிறவர்கள் எடுத்தவுடனே ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பார்கள். ஆறு மாதத்தில் பெரிய கெட்டுகெதர் நடக்கும். அடுத்த வருஷம் குரூப்பில் காலை வணக்கம் மட்டும் மிஞ்சும். செட்டு கலையாமல் நிற்க வேண்டியவை இரண்டு: ஒழுங்காக எழுதிய பெயர்ப் பட்டியல், போன் போட்டுப் பேசச் சலிக்காத நாலைந்து பேர். அந்த இரண்டையும் அமைத்துக்கொண்ட பிறகு மற்றதற்குப் போங்கள்.

முதல் வேலை பட்டியல்

ஞாபகத்திலிருந்து எழுதினால் உங்கள் பெஞ்சும் உங்கள் ஹாஸ்டல் பிளாக்கும்தான் வரும். வாயே திறக்காமல் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தவர், பாதியில் டி.சி. வாங்கிக்கொண்டு போனவர் எல்லாம் விட்டுப்போவார்கள். அதனால் கடைசி வருஷ குரூப் போட்டோவிலிருந்து தொடங்குங்கள். தடித்த அட்டையில் ஒட்டி, கீழே 'அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்' என்று வரிசை வரிசையாகப் பெயர் அச்சடித்த அந்தப் படம் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் பக்கத்தில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுங்கள். சட்டத்துக்குள் இருந்து, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் பல வருஷம் இருந்த படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும், முகங்கள் போய்விடும். கண்ணாடி மேலேயே சற்றுச் சாய்வாகப் பிடித்து எடுத்தால் போதும்.

முழுப் படம் ஒன்று, பெயர் அச்சிட்ட பட்டை ஒன்று, பிறகு ஐந்தாறு முகமாக வெட்டிய துண்டுகள். முழுப் படத்தை அனுப்பினால் எல்லோரும் 'ஆஹா' என்பார்கள், பெயர் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஐந்து முகம் உள்ள துண்டை அனுப்பி "இதில் வலது ஓரம் யார்?" என்று கேட்டால் பதில் வரும்.

போட்டோ எடுத்த அன்று வராதவர்கள் இருப்பார்கள். அதற்குக் கல்லூரி ஆண்டு மலரும் சேர்க்கைப் பதிவேடும் உதவும். முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: துறை, சேர்ந்த வருஷம், முடித்த வருஷம், பெயர் மட்டும் போதும் என்ற வரி. கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் ஈடுபாடும் ஒரு தலைப்பு. ஆகவே பல கல்லூரிகளில் அதற்கென்று ஓர் ஆசிரியர் பொறுப்பில் இருப்பார். அவரைப் பிடித்தால் வேலை நடக்கும். 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முந்தைய செட்டு என்றால் இன்னொன்றையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: பட்டப்படிப்புக்கு முந்தைய பி.யூ.சி. ஒரு வருஷம் மட்டும் கூட இருந்துவிட்டு மருத்துவம், இன்ஜினியரிங் என்று போனவர்களும் கணக்கில் உண்டா? உண்டு என்று வைத்துக்கொள்வதே நல்லது. விட்டுப்போனவர் பின்னால் கேள்விப்பட்டால் அந்த வருத்தம் ஆறுவதில்லை.

பட்டியலில் போட வேண்டியது: அன்றைய பதிவேட்டுப் பெயர், இன்றைய பெயர், கூப்பிட்ட செல்லப்பெயர், இப்போதைய ஊர் அல்லது ஏரியா, போன் எண், இரண்டாவது எண், கூப்பிட வசதியான நேரம், கடைசியாகப் பேசிய தேதி. இரண்டாவது எண் என்பது மனைவி, கணவர் அல்லது பிள்ளையுடையது. ஆள் திடீரென்று பதில் சொல்லாமல் போகும்போது அது ஒன்றுதான் வழி. முதல் தடவை பேசும்போதே வாங்கிவிடுங்கள்.

ஆளைத் தேடுவது

தேடல் சறுக்குவது பெரும்பாலும் இனிஷியலில். கல்லூரியில் எஸ். ராமச்சந்திரன் என்று இருந்தவர் வெளிநாடு போகையில் பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்திருப்பார். அங்கே அவர் 'ராமச்சந்திரன் சுப்பிரமணியன்'. சில ஊரில் அதுவே தலைகீழாகி, அலுவலகம் முழுக்க அவரை அப்பா பெயரால் கூப்பிடும். ஆகவே அப்பா பெயர் தெரிந்தால் அதை வைத்தும் ஃபேஸ்புக்கிலும் லிங்க்ட்இன்னிலும் தேடுங்கள். ஆர். வசந்தி கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்து வசந்தி கணேசன் ஆகியிருப்பார். வசந்தியின் 'த'வுக்கு ஆங்கிலத்தில் 'டி' மட்டும் போட்டிருக்கலாம், 'டி.ஹெச்.' போட்டிருக்கலாம். இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

இணையத்தில் இல்லாதவர்களுக்கு ஆட்டோகிராப் புத்தகம். கடைசி நாளில் எல்லோரும் வீட்டு விலாசத்தோடுதான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். 'மெட்ராஸ்-33' என்று இருந்தால் அது இன்றைய 600033, மேற்கு மாம்பலம், 'மெட்ராஸ்-4' மயிலாப்பூர். கதவு எண் மாறியிருக்கும் என்பதால் தெருவில் போய் 'பழைய எண்' என்று கேளுங்கள். தனி வீடு இருந்த இடத்தில் இப்போது ஃபிளாட் நின்றால் திரும்பிவிடாதீர்கள். மனைக்காரர் குடும்பத்துக்கும் பில்டர் ஒன்றிரண்டு ஃபிளாட் ஒதுக்கிக் கொடுத்திருப்பது இங்கே வழக்கம், வாட்ச்மேனிடம் "நிலத்துக்குச் சொந்தக்காரங்க எந்த ஃபுளோர்?" என்று கேட்டால் அண்ணனோ தம்பியோ அகப்படுவார். பெண்களின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஏழு இலக்க லேண்ட்லைன் எண் எழுதியிருந்தால் முன்னால் 2 சேர்த்து அடித்துப் பாருங்கள். இன்னும் வைத்திருக்கிற வீடுகள் உண்டு.

வங்கி, எல்.ஐ.சி., ரயில்வே, டெலிபோன்ஸ், ஏ.ஜி. ஆபீஸ் என்று வேலைக்குப் போனவர்களை ஓய்வூதியர் சங்கங்கள் மூலம் பிடிக்கலாம். சங்கத்தில் எண் தர மாட்டார்கள், தரவும் கூடாது. உங்கள் எண்ணைக் கொடுத்து "அவரிடம் சொல்லுங்கள்" என்று விட்டுவாருங்கள்.

எண் கிடைத்ததும் அவசரப்பட்டு அழைக்க வேண்டாம். தெரியாத எண்ணை இப்போது யாரும் எடுப்பதில்லை. துறை, வருஷம், போட்டோவில் அவர் இருக்கும் துண்டு, உங்கள் பெயர் இவற்றை அனுப்பி ஒரு நாள் விட்டு அழையுங்கள். பெண்களை முதலில் ஒரு பெண் வகுப்புத் தோழி அழைப்பதே முறை. "எத்தனை பசங்க, கல்யாணம் ஆச்சா, எங்க வேலை" என்று முதல் பேச்சிலேயே அடுக்கக் கூடாது. அந்த மூன்று கேள்விக்கு அஞ்சியே ஒதுங்கி இருப்பவர்கள் ஒவ்வொரு செட்டிலும் உண்டு. லேப் பார்ட்னர் யார், கேன்டீன், எந்த பஸ்ஸில் வந்தோம் என்று போகட்டும். ஒருவர் "வேண்டாம்" என்றால் பட்டியலில் குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள், அவர் எண்ணை வேறு யாருக்கும் தராதீர்கள்.

குரூப்

கேட்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். இரண்டு குரூப் வைப்பது நல்லது: ஒன்றில் அட்மின் மட்டும் எழுதலாம், அதில் தேதி, இடம், துக்கச் செய்தி மட்டும், மற்றதில் அரட்டை. அரட்டை பிடிக்காதவர் முதலாவதில் இருந்துகொள்வார். பழைய போன் வைத்திருப்பவர்கள் குரூப்பை விட்டு ஓடுவதற்கு முக்கியக் காரணம் கோபம் அல்ல, வீடியோக்கள் தானாக இறங்கி போன் நிரம்பிவிடுவது. சேரும் அன்றே தானியங்கி டவுன்லோடை நிறுத்தச் சொல்லிக்கொடுங்கள். கட்சி அரசியலும் சாதிப் பேச்சும் கூடாது என்பதைச் சண்டை வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள். பிறகு எழுதினால் யாரோ ஒருவரைக் குறிவைத்ததாக ஆகும்.

நண்பர் பெயரில் "அவசரம், பணம் அனுப்பு" என்று செய்தி வந்தால் அவரைக் கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாய் அனுப்பக் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

போன் வரிசை

இதுதான் செட்டின் உயிர். அறுபது பேர் என்றால் எட்டுப் பேர் பொறுப்பெடுத்து, ஆளுக்கு ஏழெட்டுப் பேர் எனப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரையும் அழைத்துப் பேச வேண்டும்; பேசிய தேதியைப் பட்டியலில் போட வேண்டும். வாரம் ஒரு ஆள் கூட வராது, அவ்வளவுதான் வேலை. நெருங்கிய நண்பர்களையே ஒருவர் பங்கில் போடாதீர்கள், அவர்கள் எப்படியும் பேசிக்கொள்வார்கள். துணையை இழந்தவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாக இருப்பவர், வாட்ஸ்அப்பே இல்லாதவர் ஆகியோரைப் பொறுமையாகப் பேசத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்; இவர்களை மாதம் ஒரு முறை அழைக்கலாம். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்கிறார், பெயர்கள் தடுமாறுகின்றன என்று தெரிந்தால் குரூப்பில் போடாமல் வீட்டாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

துக்கச் செய்தியை ஒரே ஒருவர்தான் போட வேண்டும், அதுவும் வீட்டாரிடம் பேசி உறுதி செய்த பிறகு. உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி போட்ட கொடுமை நடக்கக் கூடாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வீடு வெறிச்சோடும். நேரில் போவதானால் அப்போது இருவர் போங்கள். அவர் வீட்டாரின் எண் பட்டியலில் தொடரட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களோடு வீடியோவில் கூடுவதற்குச் சனிக்கிழமை இரவு 7.30 தோதான நேரம். அப்போது துபாயில் மாலை 6, சிங்கப்பூரில் இரவு 10, நியூ ஜெர்சியில் காலை 9 அல்லது கோடையில் 10. கலிஃபோர்னியாவில் மட்டும் விடிகாலை. ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிஷத்தில் அறுந்துவிடும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

கூடுவது

சின்னக் கூட்டமே அடிக்கடி நடக்கும். அம்பத்தூரிலிருந்து திருவான்மியூருக்கு ஒரு காபிக்காக யாரும் வர மாட்டார்கள்; தாம்பரம் பக்கம், அண்ணா நகர் பக்கம், அடையாறு மயிலாப்பூர் பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாதத்தின் இரண்டாவது புதன், காலை 10.30, குறிப்பிட்ட டிஃபன் ஹோட்டல் என்று நிலையாக வைத்துவிடுங்கள். டிஃபன் நெரிசல் ஓய்ந்து, சாப்பாட்டு நேரம் தொடங்காத அந்த இடைவெளியில் மேஜையை விட்டு எழுப்ப மாட்டார்கள். "யார் யார் வர்றீங்க?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்டால் நடக்காது. இரண்டு பேர் வந்தாலும் நடத்துங்கள்.

பெரிய கூட்டத்துக்கு டிசம்பர் கடைசி வாரம். வெளிநாட்டுக்காரர்கள் விடுமுறைக்கும் கச்சேரிக்கும் வந்திருப்பார்கள். மார்கழியில் கல்யாணம் இல்லாததால் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும், வாடகையும் பேசலாம். டிசம்பர் முதல் வாரம் வேண்டவே வேண்டாம்: 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் அந்த வாரத்தில்தான். விமான டிக்கெட்டுக்காகத் தேதியை ஐந்து மாதம் முன்பே அறிவியுங்கள். ஈ.சி.ஆர். ரிசார்ட்டைவிட மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்து மண்டபம் மேல், இரவு விருந்தைவிட மதியச் சாப்பாடு மேல். இரவில் கார் ஓட்ட அஞ்சுகிறவர்கள் எல்லோரும் வருவார்கள்.

மண்டபத்தை நேரில் பார்க்கும்போது கவனிக்க: லிஃப்ட் ஓடுகிறதா, கீழ்த்தளத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, கைப்பிடி உள்ள நாற்காலிகள் கொஞ்சம் கிடைக்குமா. சர்க்கரைக்காரர்கள் பாதிப் பேர் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு 12.45-க்கு இலை போட்டுவிடுங்கள். பேட்ஜில் பெயர் அரை அங்குல எழுத்தில், கல்லூரி நாளில் இருந்த பெயரும் இனிஷியலும். இன்றைய பதவி வேண்டாம்.

நிகழ்ச்சியைக் கெடுப்பது சுய அறிமுகம். ஐம்பது பேர் மூன்று நிமிஷம் பேசினால் இரண்டரை மணி நேரம் போய்விடும். ஆளுக்குப் பத்து வரி முன்கூட்டியே வாங்கிச் சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கையில் கொடுங்கள். மைக்கை ஆசிரியர்களுக்கும் மறைந்தவர்கள் பெயரை வாசிக்கவும் மட்டும் வையுங்கள். ஆசிரியர்களைக் கார் அனுப்பி அழைத்துவாருங்கள், மூன்று மணிக்குள் வீட்டில் விட்டுவிடுங்கள்.

பணம்

முன்பணம் வாங்காமல் சமையல்காரரிடம் இலைக் கணக்குச் சொல்லாதீர்கள். வருகிறேன் என்று சொல்வது எல்லோருக்கும் சுலபம். ஒருவர் வாங்கட்டும், இன்னொருவர் கணக்கு எழுதட்டும், ஒரு வாரத்தில் வரவு செலவைக் குரூப்பில் போடுங்கள். கொடுக்க முடியாதவருக்குப் பொறுப்பாளர் சத்தமில்லாமல் கட்டிவிட வேண்டும், வெளியே வரக் கூடாது.

கல்லூரிக்குப் பரிசுத் தொகையோ அறக்கட்டளையோ வைப்பதானால் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பர் தரும் பணம், அவர் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதைச் செட்டின் பொதுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கல்லூரிக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருந்தால் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்குக்கு அவரே நேராக அனுப்ப வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தச் சட்டம் அவர் பணத்துக்குப் பொருந்தாது. யாருக்கு எந்தப் பாஸ்போர்ட் என்று வசூலுக்கு முன்பே கேட்டு, இரண்டு பட்டியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.