சில்லுன்னு கெடக்கற குட்டிக்கு முதல்ல பாலா?

நாய்க்குட்டி ரெஸ்க்யூவுக்கு புதுசா வர்றவங்களை பாத்துட்டே இருக்கேன், நாங்க ஆரம்பத்துல அடிச்ச அதே கூத்துதான். ஈரத்தை துடைக்கணும், காத்து படாம வைக்கணும்னு எல்லாருக்கும் தெரியும், அதை விட்ருவோம், குட்டி குளிர்ந்து கெடக்கறப்ப பண்ற தப்புங்களை மட்டும் பாப்போம்.

குளிர்ந்து போன குட்டிக்கு பால் ஊத்தறது

இன்னிக்கும் எனக்கு கடுப்பாகறது இதுதான். நனைஞ்ச குட்டியை தூக்குவாங்க, அடுத்த நிமிஷம் சிரிஞ்சுல பால், கேட்டா "பாவம் பசிக்குதுண்ணா". பொறந்து ஒரு வாரம் ஆகாத நாய்க்குட்டிக்கு நார்மல் உடம்பு சூடே 35லேருந்து 37 டிகிரி செல்சியஸ்தான், 34 கிட்ட இறங்கிட்டா குடல் அசையறது நின்னு போயிடும், சப்பி குடிக்கவும் வராது, அப்ப ஊத்தற பால் ஒண்ணு வயித்துல தேங்கி புளிச்சு உப்பும், இல்லன்னா நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா. ஒரு தம்பி கொண்டு வந்த குட்டிக்கு வயிறு கிண்ணுன்னு இருந்துச்சு, மூக்கோரம் பால் நுரை, இவன் என்னடான்னா "ஃபுல்லா குடிச்சிடுச்சு"ன்னு பெருமையா சொல்றான். அது எங்கடா குடிச்சுது, நீ ஊத்தின!

சுண்டுவிரலை வாய்க்குள்ள விட்டு பாருங்க. உள்ள சில்லுன்னு இருந்தா பாலை தொடவே கூடாது. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் ஆனாலும் பரவால்ல, மெதுவா சூடேத்துங்க, 35.5 தாண்டி, விரலை இழுத்து சப்ப ஆரம்பிச்சப்புறம்தான் பால், அதுவும் வெதுவெதுப்பா. அதுக்கு முன்னாடி சுகர் இறங்கியிருக்குமோன்னு பயமா இருந்தா டாக்டருக்கு போன் போடுங்க, ஈறுல ஒரு சொட்டு குளுக்கோஸ் தடவ சொல்லுவாங்க.

ஹீட்டிங் பேட் மேல நேரா படுக்க வைக்கறது

வேண்டாம். குளிர்ந்த தோல்ல ரத்த ஓட்டம் கம்மி, சூடு அங்கயே நின்னு வெந்துடும், குட்டியால நகரவும் முடியாது, புண்ணு சில நாள் கழிச்சுதான் வெளிய தெரியும். துண்டு சுத்தி, பெட்டியில பாதி பக்கம் மட்டும் வைங்க.

கை காலை பரபரன்னு தேய்க்கறது

அங்க இருக்கற குளிர்ந்த ரத்தம் நேரா இதயத்துக்கு போகும். நெஞ்சு, வயித்துப் பக்கம் சூடு குடுத்தா போதும்.

நடுக்கம் நின்னுச்சு, சரியாயிடுச்சுன்னு நினைக்கறது

உடம்பு இன்னும் சில்லுன்னு இருந்தா அது மோசமாகுதுன்னு அர்த்தம். பச்சக்குட்டிக்கு நடுக்கமே வராது.

தெர்மாமீட்டர் ரிப்பேர்னு தூக்கி போடறது

நிறைய டிஜிட்டல் மாடல் 32-க்கு கீழ போனா நம்பரே காட்டாது, 'லோ'ன்னு மட்டும்தான் வரும். பேட்டரியை மாத்திட்டு உக்காராதீங்க, வண்டியை எடுங்க, போற வழியிலயே டாக்டருக்கு சொல்லிடுங்க.